பதினெட்டு டன் எங்கே நகரும்? ரயில் வேகனில் சரக்கைப் பிடித்துவைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

போன மாதம் சூலூர்ப் பக்கம் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஒரு பவர் பிரஸ் (இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டி வளைக்கும் மெஷின்), 18 டன், டெல்லிப் பக்கம் போக வேண்டும், ரயிலில் அனுப்பலாம் என்று யோசிக்கிறார். எதில் ஏற்றுவது, எப்படிக் கட்டுவது என்று பேச ஆரம்பித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பதினெட்டு டன்னுங்கண்ணா, அது எங்கீங்க நகரப் போகுது?"

இந்தக் கேள்வியை நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேக்கிங் ஆட்கள் கேட்பார்கள், கிரேன்காரர் கேட்பார், சில சமயம் படித்த இன்ஜினீயர்களே கேட்பார்கள். பாரம் அதிகம், அதனால் தானாகவே உட்கார்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. இதை நம்பி நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். 14 டன் லேத் ஒன்றை 20 அடி கன்டெய்னரில் ஏற்றி, நான்கு பக்கமும் மரக்கட்டை வைத்துத் தரையில் ஆணி அடித்து அனுப்பினோம். அந்தப் பக்கம் சீலை உடைத்துத் திறந்தபோது கதவுப் பக்கம் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மெஷின் ஒரு முழம் முன்னால் நகர்ந்து, எதிர்ச்சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஆணி அடித்த கட்டைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, ஆணிகள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. அவ்வளவு நடந்தும், கன்டெய்னர் வேகன்மேல் ஏற்றிய இடத்தைவிட்டு இம்மியும் அசையவில்லை. வேகனின் பூட்டுகள் நான்கும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தன.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். பெட்டியை வேகனோடு பிடிப்பது ஒன்று. சரக்கைப் பெட்டியோடு பிடிப்பது இன்னொன்று. முதலாவது ரயில்வே, வேகன் வடிவமைப்பு சம்பந்தப்பட்டது. இரண்டாவது முழுக்க முழுக்க அனுப்புகிறவர் தலையில். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியாகிவிடாது.

சரி, பாரம் ஏன் பிடிக்காது என்பதை முதலில் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லா ஒப்பீடும் இதன்மேல்தான் நிற்கிறது. ரயில் பிரேக் போடும்போதோ வேகன்கள் ஒன்றோடொன்று மோதும்போதோ சரக்கை முன்னே தள்ளும் விசை, சரக்கின் எடையைப் பொறுத்தே வருகிறது. எடை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு, தள்ளும் விசையும் இரண்டு மடங்கு. ஆக 2 டன் பெட்டி நகரும் சூழ்நிலையில் 18 டன் பிரஸ்ஸும் நகரும். எடையால் ஒரு லாபமும் இல்லை, நகர ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டம் என்பது மட்டும்தான் மிச்சம்.

எவ்வளவு விசைக்குக் கட்ட வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒத்துக்கொண்ட எண்கள் இருக்கின்றன. கப்பல், தொழிலாளர், ஐரோப்பியப் பொருளாதாரம் சார்ந்த மூன்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட சி.டி.யு. விதித்தொகுப்பு (கன்டெய்னர் போன்றவற்றில் சரக்கை ஏற்றிக் கட்டுவதற்கான விதிகள்), கன்டெய்னர் ரயிலுக்கு நீளவாக்கில் சரக்கின் எடையில் பாதி அளவு விசை, குறுக்குவாக்கில் பாதி அளவு என்று சொல்கிறது. நொடிப்பொழுது அதிர்ச்சிக்கு நீளவாக்கில் முழு எடை அளவு. சாலைக்கு முன்பக்கம் 0.8, மற்ற பக்கம் 0.5. கடலில் நிலைமை தலைகீழ்: மோசமான கடலில் பக்கவாட்டில் 0.8, நீளவாக்கில் 0.4. லாரியில் கட்டுகிறவர் முன்பக்கத்தையும் கப்பலுக்குக் கட்டுகிறவர் பக்கவாட்டையும் கவனித்துப் பழகியிருப்பார்கள். ரயிலில் முன்னும் பின்னும் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இடி விழும். லாரிக்குக் கட்டுகிற பழக்கத்தில் பின்பக்கத்தை லேசாக விட்டுவிடுவது ரயிலில் செய்யக்கூடாத தப்பு.

தனி வேகனாகப் போனால் இன்னும் மோசம். ஐரோப்பிய ரயில்வேக்களின் யு.ஐ.சி. ஏற்றல் விதிகளில், யார்டுகளில் தனியாக உருட்டிவிடப்படும் வேகனில் சரக்கு அசையாமல் இறுக்கப்பட்டிருந்தால் எடையின் 4 மடங்கு வரை விசை வரலாம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். முழு ரேக்காக, அதாவது நடுவில் பிரிக்காமல் ஒரே தொடராகப் போகும் வண்டிக்கு 1 மடங்குதான். பெட்டியோடு ரேக்கில் அனுப்புவதா, திறந்த வேகனில் தனியாக அனுப்புவதா என்ற கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வித்தியாசமே பாதிப் பதில்.

இனி பெட்டியை வேகனோடு பிடிக்கும் கருவிகள். இதில் மூன்று வழி.

முதலாவது வெறும் முளை. வேகன் தரையில் நிற்கும் இரும்பு முளை, கன்டெய்னரின் அடிமூலை ஓட்டைக்குள் போய் உட்காரும். பூட்டு கிடையாது. பக்கவாட்டில், நீளவாக்கில் நகராது, ஆனால் மேலே தூக்கினால் வந்துவிடும். ஐரோப்பாவில் ஏராளமான வேகன்கள் இப்படித்தான் ஓடுகின்றன. தேய்மானம் குறைவு, சிக்கிக்கொள்ளும் பிரச்சினை இல்லை, ஏற்றி இறக்க வேகம். நிறைந்த பெட்டிக்கு இது தாராளமாகப் போதும். காலிப் பெட்டி ஏறும்போதுதான் வினை. 40 அடிக் காலிப் பெட்டி 4 டன்னுக்குள்தான் இருக்கும், அதன் பக்கச்சுவர் 31 சதுர மீட்டருக்கு மேல். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர்மேல் ஏறத்தாழ 47 கிலோ அழுத்தம் கொடுக்கும், அதாவது முழுச்சுவரில் சுமார் ஒன்றரை டன். அதன்மேல் வண்டியின் ஆட்டம், தண்டவாளத்தின் சாய்வு, மேட்டில் பள்ளத்தில் வேகன் துள்ளும்போது குறையும் பாரம் எல்லாம் சேர்ந்தால் பெட்டி ஒரு பக்கம் எழும்ப அதிக நேரம் ஆகாது. 2008 மார்ச் 1 அன்று பிரிட்டனில் ஒரே நாளில் செடிங்டன், ஹார்டன்டேல் என்ற இரண்டு இடங்களில் ஓடும் சரக்கு ரயில்களிலிருந்து கன்டெய்னர்கள் புயல்காற்றில் கழன்று விழுந்தன. நம் பக்கம் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று 100 கி.மீ.க்கு மேல் வீசியது. துறைமுகத்தை ஒட்டிக் காலிப் பெட்டிகள் போய்வரும் ஊர் இது, அதனால் இந்தக் கணக்கு நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

இரண்டாவது, கையால் திருப்பும் ட்விஸ்ட் லாக். 1950களில் அமெரிக்க இன்ஜினீயர் கீத் டான்ட்லிங்கர், மால்கம் மெக்லீனின் கப்பல் கம்பெனிக்காக உருவாக்கியது. 1963-இல் அந்தக் காப்புரிமையை யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள், அதனால்தான் இன்று உலகத்தில் எந்தக் கன்டெய்னரும் எந்தக் கப்பலிலும் லாரியிலும் வேகனிலும் பொருந்துகிறது. மூலை ஓட்டைக்குள் நீள்வட்டத் தலை நுழையும், 90 டிகிரி திருப்பினால் ஓட்டைக்குக் குறுக்கே நின்றுவிடும், பெட்டி மேலே எழ முடியாது. பிடிப்பில் இதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிரச்சினை ஆள் கை. 45 வேகன் ரேக்கில் 20 அடிப் பெட்டி 90 ஏறும், ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை, ஆக 360 பூட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் டார்ச் பிடித்துக்கொண்டு 360 கைப்பிடியை ஒன்றுவிடாமல் ஒருவர் திருப்புவார் என்று நம்பி வண்டியை விடுவது சரியில்லை. இறக்கும் இடத்தில் ஒன்றைத் திறக்க மறந்தால் பெட்டியோடு வேகனும் சேர்ந்து எழும்.

மூன்றாவதுதான் நம் ரயில்வேயில் கன்டெய்னர் ஏற்றுவதற்கென்றே ஓடும் பிஎல்சி வேகன்களில் இருக்கும் தானியங்கிப் பூட்டு, ஆட்டோமேட்டிக் ட்விஸ்ட் லாக். டெர்மினலில் ஏ.டி.எல். என்றுதான் சொல்வார்கள். பெட்டி இறங்கும்போது அதன் பாரமே தலையைத் திருப்பி உள்ளே விடும், உள்ளே போனதும் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். தூக்கும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால்தான் விடும். காற்றோ துள்ளலோ அந்த விசையைத் தராது, கிரேன் தரும். நிற்கிற ஆளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, பார்ப்பதைத் தவிர.

அந்தப் பார்ப்பதை நான் விடுவதே இல்லை. ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னர் தூக்கும் வண்டி) பெட்டியை இறக்கும்போது பக்கத்தில், பாதுகாப்பான தூரத்தில் நின்று கேளுங்கள். ஒரு மூலை முதலில் தொடும், டக் என்று கேட்கும், அப்புறம் மற்ற மூலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு குனிந்து பெட்டியின் மூலைக்கும் வேகனுக்கும் நடுவே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். கோடு போல வெளிச்சம் தெரிந்தால் அந்த மூலை உட்காரவில்லை. பெரும்பாலும் ஓட்டைக்குள் ஒரு ஜல்லிக்கல், காய்ந்த களிமண், முந்தைய பயணத்தில் ஒடிந்த மரத்துண்டு இப்படி ஏதாவது இருக்கும். சில சமயம் கிரீஸ் காய்ந்து தலை திரும்பாமல் நிற்கும். ஒரு மூலை உட்காராத பெட்டியைப் பிடிக்கப் பூட்டு மூன்றுதான் இருக்கிறது என்று அர்த்தம். உடனே சொல்லி மறுபடி தூக்கி வைக்கச் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பும் முன் டி.எக்ஸ்.ஆர். (வேகன்களைச் சோதிக்கும் ரயில்வே ஊழியர்) பார்ப்பார், உண்மைதான், ஆனால் அவருக்கு 45 வேகனின் சக்கரம், பிரேக், கப்ளிங் எல்லாம் பார்க்க வேண்டும், உங்கள் பெட்டியின் மூலையை முதலில் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

பூட்டு இருக்கிறது என்பதும் பூட்டியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு 2019 ஜனவரி 2 டென்மார்க் விபத்தை விடப் பெரிய சாட்சி இல்லை. கிரேட் பெல்ட் பாலத்தின்மேல் பலத்த காற்றில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு லாரி டிரெய்லர், உள்ளே காலி பீர் பெட்டிகள். டிரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின் (லாரியோடு மாட்டும் முளை) வேகனின் பிடிப்புக் கருவிக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அது பூட்டவில்லை. காற்று டிரெய்லரை வேகனிலிருந்து நகர்த்தி, எதிரே வந்த பயணிகள் ரயிலின்மேல் தள்ளியது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஏற்றியவர்கள் கண்ணுக்கு டிரெய்லர் உட்கார்ந்த மாதிரியேதான் தெரிந்திருக்கும். காலிச் சரக்கு, பெரிய சுவர், சரியாக விழாத ஒரு பூட்டு. நிறைந்த சரக்கைவிடக் காலிக்குத்தான் பூட்டு அதிகம் வேண்டும் என்று நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கன்டெய்னரைத்தான் ரயிலில் அனுப்பப்போகிறீர்கள் என்றால், நம் நாட்டில் இந்த மூன்றில் தேர்ந்தெடுக்க உங்களுக்கு எதுவும் இல்லை, பிஎல்சி-யும் ஏ.டி.எல்.-உம் கிடைக்கும், அது நல்லதும்கூட. இந்த வேகனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து ஐந்தாகச் சேர்த்த செட், இரு ஓரத்திலும் பிஎல்சிஏ, நடுவே மூன்று பிஎல்சிபி. செட்டுக்குள் வேகன்களை இணைப்பது சாதாரணக் கப்ளிங் இல்லை, ஆட்டமே இல்லாத கட்டைக்கம்பி. ஒரு சரக்கு ரயில் கிளம்பும்போது முன்னிருந்து பின்வரை 'டம் டம் டம்' என்று ஒரு சத்தம் ஓடுமே, அது ஒவ்வொரு கப்ளிங்கிலும் இருக்கும் ஆட்டம் இழுபடும் சத்தம். பிஎல்சி ரேக்கில் அந்த ஆட்டம் செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில்தான், 9 செட் என்றால் 8 இடம். உள்ளே இருக்கும் சரக்குக்கு விழும் இடி அந்த அளவுக்குக் குறைகிறது. தரை மட்டம் தண்டவாளத்திலிருந்து 1009 மில்லிமீட்டர்தான், சக்கரமும் 840 மில்லிமீட்டர் என்று சிறியது, பாரத்தின் மையம் கீழே இருக்கும். தாங்கும் எடை 61 டன், அதாவது 30.48 டன் பெட்டி இரண்டு சரியாக.

இப்போது நண்பரின் பிரஸ்ஸுக்கு வருகிறேன். உயரம் 2.4 மீட்டர். சாதாரண 20 அடிப் பெட்டியின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர், அதனால் அது நுழையாது. மிச்சம் மூன்று வழி: மேற்கூரை திறந்த ஓபன் டாப் கன்டெய்னர், பக்கச்சுவரும் கூரையும் இல்லாத ஃப்ளாட் ராக், அல்லது கன்டெய்னரே வேண்டாம் என்று திறந்த வேகனில் நேராக வைத்துக் கட்டுவது.

திறந்த வேகனை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஒரே ஒரு மெஷினுக்கு வேகன் கிடைப்பதே சிரமம், கிடைத்தாலும் யார்டு யார்டாகக் கழற்றிச் சேர்ப்பார்கள், மேலே சொன்ன பெரிய இடிகள் அங்கேதான். பெரிய டிரான்ஸ்பார்மர், கொதிகலன் பாகம் மாதிரி எந்தப் பெட்டியிலும் அடங்காத சரக்குக்கு வேறு வழியில்லை, அதற்குத் தனி அனுமதி, வேகக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு, பாதையோரக் கட்டுமானங்களுக்கும் சரக்குக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் சி வகை என்றால் பகலில் மட்டும்தான் நகர்த்துவார்கள். ஆவடியில் செய்யும் டாங்குகள் திறந்த வேகனில்தான் போகின்றன, 58.5 டன் அர்ஜுனுக்கு பிஎஃப்ஏடி என்று தனி வேகனே வடிவமைத்தார்கள். அது ராணுவத்தின் வேகன், ராணுவத்தின் ஆட்கள், பழகிய கை. ஒரு பிரஸ் அனுப்புகிற பட்டறைக்காரர் அந்த வழியைப் பார்த்துப் பின்பற்றத் தேவையில்லை.

ஓபன் டாப்பும் ஃப்ளாட் ராக்கும் பார்க்க விலை வித்தியாசம் மாதிரிதான் தெரியும். நான் பார்ப்பது சங்கிலியோ பெல்ட்டோ மாட்டும் வளையத்தை. கன்டெய்னர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 1496 தரத்தின்படி சாதாரணப் பெட்டியின் தரை வளையம் ஒவ்வொன்றும் 1 டன் தாங்கினால் போதும், மேலே இருப்பது அரை டன். ஃப்ளாட் ராக்கில் குறைந்தபட்சம் 3 டன். ஓபன் டாப்பிலும் தரை வளையம் அதே 1 டன் கதைதான். அதில் போய் 10 மில்லிமீட்டர் சங்கிலி மாட்டினால் சங்கிலி 6.3 டன் தாங்கும், வளையம் 1 டன்னில் பிடுங்கிக்கொண்டு வரும். சுவரை நம்பலாமா என்றால் அதற்கும் எண் இருக்கிறது: முன்பின் சுவர் சரக்கு எடையின் 0.4 அளவுக்குத்தான் சோதிக்கப்படுகிறது, அதுவும் சுவர் முழுக்கச் சமமாகப் பரவிய விசையாக. ரயிலில் வருவது 0.5, அதிர்ச்சியில் 1. அதுவும் என் லேத் மாதிரி இரண்டு இரும்பு முனை மட்டும் சுவரில் குத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். இதே தரத்தில் பெட்டியின் அடிச்சட்டம் மட்டும் எடையின் 2 மடங்கு நீளவாக்கு விசைக்குச் சோதிக்கப்படுகிறது, ரயிலை மனதில் வைத்தே போட்ட விதி அது. பெட்டியின் அடி ரயிலுக்குத் தயார், சுவர் தயாரில்லை. ஆகவே கனமான மெஷினுக்கு, பிடிப்பு முழுவதும் அடியிலேயே கிடைக்கும் ஃப்ளாட் ராக்தான் என் தேர்வு. பேல், மூட்டை, அட்டைப்பெட்டி என்று சுவர் முழுக்கச் சமமாகச் சாயும் சரக்குக்குச் சாதாரணப் பெட்டி போதும், இடைவெளியைக் காற்றுப் பையாலோ கட்டையாலோ நிரப்பிவிட்டால் சரி.

இனி கட்டும் பொருள். இங்கேதான் ஆட்கள் பெரும்பாலும் பழக்கத்தை வைத்து முடிவு செய்கிறார்கள், நான் எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

எல்லோருக்கும் பிடித்தது ராட்செட் பெல்ட். 50 மில்லிமீட்டர் பெல்ட் நேராக இழுத்தால் 2.5 டன் தாங்கும் என்று லேபிளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாலு பெல்ட் மேலே போட்டு இறுக்கினால் 10 டன் பிடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே போட்டு இறுக்கும்போது பெல்ட் சரக்கை இழுத்துப் பிடிப்பதில்லை, கீழே அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். கையால் ராட்செட் அடித்து வரும் இறுக்கம் 400 கிலோ என்று வையுங்கள். உராய்வு 0.3, அதாவது அழுத்தும் பாரத்தில் பத்தில் மூன்று பங்கு என்றால், ஒரு பெல்ட் தரும் பிடிப்பு இரண்டு பக்கமும் சேர்த்து 240 கிலோ. பிரஸ்ஸின் கணக்கு: பக்கவாட்டு விசை 9 டன், உராய்வு தானே தருவது 5.4 டன், குறை 3.6 டன். அதற்கு 15 பெல்ட்! பதினைந்து பெல்ட்டும் ஒரே இறுக்கத்தில் கடைசிவரை இருக்க வேண்டும். லாரியில் ஐம்பது கிலோமீட்டர் போய் டீக்கடையில் நிறுத்தி ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம். ரயிலில் நடுவழியில் இறங்கி இறுக்க யாரும் இல்லை, கட்டினது கட்டினதுதான். பாலியஸ்டர் நீளும், மரம் நசுங்கும், இறுக்கம் குறையும். பெட்டிக்குள் இருக்கும் பேலட்டுக்கும் டிரம்முக்கும் பெல்ட் அருமையான பொருள், நானே வாங்கி வைத்திருக்கிறேன். திறந்த இடத்தில் கனமான இரும்பு மெஷினுக்கு அது முதல் தேர்வு இல்லை.

சங்கிலியைச் சரக்கின் கொக்கியிலிருந்து ஃப்ளாட் ராக் வளையத்துக்கு நேராகக் கட்டினால் கணக்கே மாறிவிடுகிறது. இப்போது சங்கிலி உராய்வைக் கூட்டுவதற்காக இல்லை, சரக்கு நகரப் பார்த்தால் இழுத்துப் பிடிக்கிறது. 45 டிகிரி சாய்வில் 3 டன் வளையத்தில் கட்டினால் பக்கவாட்டில் ஒன்றுக்கு 2.1 டன் பிடிப்பு, பக்கத்துக்கு இரண்டு போட்டால் 4.2 டன். மொத்தம் நாலு சங்கிலியில் 15 பெல்ட்டின் வேலை முடிந்தது, மிச்சமும் இருக்கிறது. முன்னும் பின்னும் இதே மாதிரி நாலு, ஆக எட்டு. எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு பக்கச் சங்கிலி லூசானால் எதிர்ப்பக்கச் சங்கிலியும் தானாக லூசாகிவிடும்.

இரும்புக் கயிறு, அதைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் கூட்டணி சங்கிலியைவிட மலிவு, கட்டத் தெரிந்தவர் கையில் அதுவும் நன்றாகவே நிற்கும். ஒருமுறைப் பயணத்துக்குப் போய்த் திரும்பி வராத சரக்கு என்றால் சங்கிலியை விட்டுக்கொடுக்க மனசு வராது, அப்போது இதுதான். ஆனால் இதில் தப்பு செய்ய இடம் அதிகம். கயிற்றை மடித்துப் போடும் கிளிப்பில் யு வடிவ போல்ட் கயிற்றின் வால் பக்கம் இருக்க வேண்டும், சேணம் மாதிரி இருக்கும் அடித்துண்டு பாரம் தாங்கும் பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட் நல்ல கயிற்றைக் கடித்துவிடும். பத்துக் கட்டில் நாலு இப்படி மாற்றிப் போட்டதாக இருப்பதை டெர்மினல்களில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, டர்ன்பக்கிள் ரயில் அதிர்வில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இறுக்கி முடித்ததும் அதன் நடுச்சட்டத்துக்குள் ஒரு துண்டு கட்டுக்கம்பியை நுழைத்து, இரண்டு முனைக் கண்ணிலும் சுற்றி முறுக்கிவிட வேண்டும். ரெண்டு ரூபாய்க் கம்பி. சங்கிலியை இறுக்கும் லோடு பைண்டர் கைப்பிடிக்கும் இதே மாதிரி ஒரு கட்டு.

மரக்கட்டையை நான் வெறுக்கவில்லை, லேத் கதையைக் கேட்டு அப்படி நினைத்துவிட வேண்டாம். அன்று நாங்கள் கட்டையை ஆணியை நம்பி நிற்க வைத்தோம், அதுதான் தவறு. கட்டையை மெஷின் அடிச்சட்டத்திலிருந்து ஃப்ளாட் ராக்கின் முனைச் சட்டம் வரை முட்டுக்கொடுக்கும் மாதிரி நீளமாக வைத்தால் விசை மரத்தின் நீளவாக்கில் போய் இரும்பில் இறங்கும், ஆணி கட்டையை இடத்தில் வைப்பதற்கு மட்டும். நீளவாக்கு அதிர்ச்சியைத் தாங்க இதைவிட மலிவான வழி கிடையாது. பச்சை மரம் மட்டும் வேண்டாம், வழியில் காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டுவிடும்.

கடைசியாக, இத்தனைக்கும் நடுவில் யாரும் கவனிக்காத ஒரு பொருள்: ரப்பர் பாய். பழைய ரப்பர்த் துகள்களை அழுத்திச் செய்த, விரல் கனம்கூட இல்லாத கறுப்புப் பாய். மெஷின் பாதத்துக்கு அடியில் வைத்தால் உராய்வு 0.3-லிருந்து 0.6 ஆகிவிடும். 18 டன்னுக்கு 0.6 என்றால் 10.8 டன். பக்கவாட்டில் வேண்டியது 9. அதாவது ஒரு சங்கிலிகூடப் போடாமலே பக்கவாட்டுக் கணக்கு தீர்ந்துவிட்டது! நீளவாக்கிலும் சாதாரண ஓட்டத்துக்கு அதே 9 தான், மிச்சம் இருப்பது வேகன்களைக் கழற்றிச் சேர்க்கும்போது வரும் ஷன்டிங் அதிர்ச்சி மட்டும், அந்த 18 டன்னில் குறையும் 7.2 டன்னைச் சங்கிலியும் முட்டுக்கட்டையும் பார்த்துக்கொள்ளும். இதைக் காட்டி சங்கிலியை விட்டுவிடாதீர்கள், வேகன் துள்ளும்போது பாரம் குறையும், பாரம் குறைந்தால் உராய்வும் குறையும், பாய் நனைந்து எண்ணெய் பட்டிருந்தால் இன்னும் குறையும். ஆனால் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் தருவேன் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் பாயைத்தான் வாங்கச் சொல்வேன். பாதத்துக்கு அடியில் முழுவதும் வர வேண்டும், ஒரு பாதம் நேராக இரும்பில் உட்கார்ந்துவிட்டால் பிரயோஜனம் பாதியாகிவிடும்.

நண்பரிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது செலவைத்தான் முதலில் கேட்டார், கேட்கத்தானே செய்வார். 20 அடி ஃப்ளாட் ராக், அடியில் பாய், 10 மில்லிமீட்டர் சங்கிலி எட்டு, முன்னும் பின்னும் காய்ந்த மரத்தில் முட்டு, மேலே தார்ப்பாய் என்று எழுதி அனுப்பினேன். சங்கிலியை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுத்து அந்தப் பக்கத்து ஆளிடம் திரும்ப அனுப்பச் சொல்லலாம் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார், அது எனக்குத் தோன்றாத யோசனை. பிரஸ்ஸின் பாரம் ஒரு பக்கமாக இருக்கிறது, ஃப்ளைவீல் பக்கம் கனம் அதிகம், அதனால் ஃப்ளாட் ராக்கின் நடுவில் மெஷினின் நடுவை வைக்காமல் பாரத்தின் நடுவை வைக்கச் சொல்லியிருக்கிறேன், கிரேன் தூக்கிப் பார்க்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சுண்ணாம்பில் குறித்துக்கொண்டால் போதும். வரும் வியாழன் ஏற்றுகிறார்கள். நானும் போகிறேன், சட்டைப்பையில் கட்டுக்கம்பியோடு.